தூங்கிப்போன இடத்திலிருந்து

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஏசி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி முக்கிலிருக்கும் மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் மெடிக்கல் அக்கா. அண்ணனும் அக்காவும் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்டுவிட்டுத் தாங்களே சிரிப்பார்கள். இந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு இருவருக்கும் காது புளித்துப்போய் வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் கேட்கிறவர் மனம் நோகக்கூடாதே என்று கூடவே சிரித்துவைப்பார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள்.

வெயில் காலம் வந்துவிட்டால் ஏசி அண்ணனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பத்து மாதம் அவரை மறந்துபோன ஊர், முதல் புழுக்கத்தில் ஒரேயடியாக நினைத்துக்கொள்ளும். அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏசியை வீட்டில் எங்கே மாட்டுவார்கள்? காலியாக இருக்கும் சுவரில். கொஞ்ச நாள் போனதும் அந்தச் சுவருக்கு அடியில் என்ன வந்து நிற்கும்? புத்தக அலமாரி. ஏசியைக் கழுவினால் கருந்தண்ணீர் தெறிக்கும். அதனால் அண்ணன் ஏணியை விரிப்பதற்கு முன்பே புத்தகங்களை இறக்கி, தரையில் போர்வை விரித்து அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிடுவார். வேலை முடிந்ததும் எந்த வரிசையில் எடுத்தாரோ அதே வரிசையில் திருப்பி வைப்பார். அந்த ஊரில் அவர் கை படாத புத்தகம் குறைவு. அவர் கண் பட்ட புத்தகம்தான் ஒன்றுகூட இல்லை.

படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஏசி கம்பெனிக்காரர்களே புரட்டிப் பார்க்காத கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவர். கதைப் புத்தகம் மட்டும் ஆகாது. இரண்டாவது பக்கத்தில் கண்ணைச் சுழற்றும், மூன்றாவது பக்கத்தில் குறட்டை வரும்.

மெடிக்கல் அக்கா நேர்மாறு. மருந்துக் கடைக் கல்லாவுக்குக் கீழே நூலகப் புத்தகம் ஒன்று எப்போதும் விரித்தபடி இருக்கும். ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடுவார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவருக்கு அச்செழுத்து எம்மாத்திரம்?

அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய் ஒரு வருஷமாகிறது. அதுவரை வீட்டில் நடந்த பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது என்பது அவள் போன பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் "இன்னும் போடவா?" என்று அக்கா கேட்பார். "போதும்" என்பார் அண்ணன். அக்கா தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துக்கொள்வார், அண்ணன் செல்போனை எடுத்துக்கொள்வார். சண்டை இருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அதுவும் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல ஒரு சவால். இந்த வெயில் காலம் முடியறதுக்குள்ள ஆளாளுக்கு நாலு புத்தகம் படிச்சு முடிக்கணும்."

"நாலுதானா? எனக்கு அது ஒரு வாரத்துக்குக் காணாது" என்றார் அக்கா.

என்ன தோன்றியதோ, அண்ணன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நானும் படிக்கிறேன்" என்றார்.

 இரண்டு ஊர்களிலும் தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. "அப்பா, ரிமோட்ல இருக்கறதைப் படிச்சா கணக்குல சேராது" என்றாள் மகள். "உங்கப்பா புத்தகத்தைத் தலைக்கு வெச்சுப் படுப்பாரு. அந்த வகையில வேணா நாலு முடிப்பாரு" என்றார் அக்கா. அண்ணனும் சிரித்தார். போனை வைத்ததும் வீடு பழையபடி அடங்கிப்போனது. அக்கா இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை ஏணியின் மரையை முடுக்கிக்கொண்டிருந்தபோது பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது மாடியில் ஒற்றை அறை. வெயிலில் சுவர் சுவராக ஏறி இறங்கிவிட்டு அண்ணன் வந்து படுப்பார். அக்கா பகலில் படித்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அண்ணன் பாதியிலேயே தூங்கிவிடுவார். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம் என்றால், அதற்குள் வேறு புத்தகம் வந்திருக்கும், வேறு கதை ஆரம்பமாகும். அதிலும் பாதியில் தூங்கிவிடுவார். இப்படியே இரண்டு மூன்று வருஷம். அவர் மண்டைக்குள் ஒரு நூலகமே இருந்தது. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் பின்பாதி இல்லை.

ஒருநாள் அக்கா, "யாருக்குச் சொல்றேன் நான், இந்தச் சுவத்துக்கா?" என்று கேட்டது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது. அதன்பின் கொஞ்ச நாளில் கதை நின்றுபோனது. அண்ணனுக்கு அது ஒரு முள். சொன்னவள் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டாள், தூங்கியே கெடுத்தது நான் என்று உள்ளுக்குள் வைத்திருந்தார். கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஏணியைச் சாய்த்து வைத்தபோது தனது சவால் என்னவென்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஏதோ நாலு புத்தகம் அல்ல. தான் தூங்கிப்போன கதைகளைத் தேடிப் பிடித்து, தூங்கிய இடத்திலிருந்து கடைசிவரை படித்துவிட வேண்டும். மழை வருவதற்குள் முடித்து, 'நீ சொன்ன கதை இப்படித்தான் முடியுது' என்று மனைவி முன்னால் போய் நிற்க வேண்டும். அப்போது அவர் மறுபடி கதை சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் காலம் பூரா 'இன்னும் போடவா', 'போதும்' என்றே ஓட வேண்டியதுதான். அதை நினைக்க அவருக்குப் பயமாகவே இருந்தது.

நன்றாக நினைவிருந்தவை மூன்று. ஒரு பெண் யானையோடு வந்து வீடு வாடகைக்குக் கேட்பாள், வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் திறக்கக்கூடாது என்பாள். அது ஒன்று. அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாகம் பிரிப்பார்கள், ஒரு பூனை மட்டும் கோட்டின் மேலேயே படுத்திருக்கும். அது இரண்டு. மூன்றாவது, ஊர் மணிக்கூண்டுக்குத் தினமும் சாயங்காலம் சாவி கொடுக்க ஏறுகிறவனின் கதை. கீழே ஒருத்தி, அவன் இறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் மணி அடிக்கும், ஆனால் அவன் இறங்கிவர மாட்டான். அந்தக் கதையை மட்டும் அக்கா சில நாள் தொடர்ந்து, தினமும் முதலிலிருந்து சொன்னதாக ஞாபகம். அதனால் அதன் ஆரம்பம் அவருக்கு மனப்பாடம்.

கதைகளின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. எழுதியவர் பெயரும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். அக்காவிடமே கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனால் கேட்டால் சவால் என்ன ஆவது?

முதலில் போனது வக்கீலம்மா வீட்டுக்கு. அவர் வீட்டு ஏசிக்குக் கீழே இருப்பது அலமாரி இல்லை, கோட்டைச் சுவர். வழக்கமாக ஒரு கைக்குப் பத்தாக இறக்குகிற அண்ணன், அன்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்னட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்யும் சகலை, அதாவது அக்காவின் தங்கை புருஷன், மேலே ஏணியில் நின்றபடி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

வக்கீலம்மா கேட்டார்: "என்னண்ணே, புத்தகத்துலயும் கேஸ் லீக் ஆகுதா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஒரு கதை தேடறேன்மா. ஒரு பொம்பளை யானையோட வந்து வீடு வாடகைக்குக் கேக்கும்."

வக்கீலம்மா பாதி வாழ்க்கையை வாடகை வழக்குகளில் கழித்தவர். கண்ணாடியைக் கழற்றினார். "யானையோட குடிவந்த கேஸ் நான் பார்த்ததே இல்லையே. ஓனர் ஒத்துக்கிட்டாரா?"

"அதுக்குள்ள நான் தூங்கிட்டேன்மா."

ஏணியில் இருந்த சகலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து ஏணியே ஆடியது. வக்கீலம்மா மட்டும் சிரித்து முடித்த பிறகு விடவில்லை. குறுக்கு விசாரணை செய்கிறவர் அல்லவா? துருவித் துருவிக் கேட்டு முழுக் கதையையும் வாங்கிவிட்டார். பிறகு அலமாரிக்குப் போய் இரண்டு புத்தகங்களை உருவி எடுத்து வந்தார்.

"இதுல பொம்பளையும் ஜன்னலும் இருக்கு, யானை இல்ல. இதுல யானை இருக்கு, பொம்பளை இல்ல. நீங்க ஒண்ணுல தூங்கி இன்னொண்ணுல முழிச்சிருக்கீங்க."

ஆக மூன்று கதை நாலாயிற்று. சவால் பெரிதானதில் அண்ணனுக்கு வருத்தமில்லை, மகள் சொன்ன கணக்குக்குச் சரியாக வந்துவிட்டது. ஆனால் இவ்வளவு வருஷமும் அந்த யானை மாடிப்படி ஏறுவதைக் கற்பனை செய்து வைத்திருந்தார். அதை விடத்தான் மனம் வரவில்லை.

எப்போது படிப்பது? வீட்டில் படித்தால் தெரிந்துவிடும், படுத்துக்கொண்டு படித்தால் தூக்கம். அவர் தொழிலே வழி காட்டியது. புதிதாக கேஸ் நிரப்புவதற்கு முன்னால் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். அரைமணி நேரமாவது பம்பு ஓடும். அதுவரை மெக்கானிக்குக்கு மீட்டர் முள்ளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. முன்பெல்லாம் செல்போன் பார்ப்பார். இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்த புத்தகத்தைப் பிரிப்பார். பம்பு கடகடவென்று ஓடும் இடத்தில் யாரால் தூங்க முடியும்?

முதல் பக்கங்களைப் படிக்கையில் அவருக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. எழுத்து கண்ணில் பட, குரல் காதில் கேட்டது. அக்காவின் குரல்தான். இருபத்து மூன்று வயதுக் குரல். ஜன்னல்காரி வாசலில் வந்து நிற்கும் இடத்தை அக்கா எப்படி இழுத்து இழுத்துச் சொன்னார், எங்கே கொஞ்சம் நிறுத்தினார் என்பதெல்லாம் அப்படியே இருந்தது. பக்கங்களைத் தாண்டத் தாண்ட ஒரு இடத்தில் குரல் சட்டென்று நின்றுபோகும். அங்கேதான் தூங்கியிருக்கிறோம் என்று புரியும். அதற்குமேல் அவரே தனியாகப் போக வேண்டும். தட்டுத் தடுமாறிப் போனார். மூடிய ஜன்னலுக்கு எதிரே அந்தப் பெண்ணோடு பேச்சை நிறுத்திவிட்ட தாயின் வீடு இருந்தது தெரிந்தபோது, பம்பு ஓடி முடிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"சகலை, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? முள்ளு எப்பவோ இறங்கிடுச்சு" என்று மாடியேறி வந்து குரல் கொடுத்தார் சகலை.

யானைக் கதை இன்னும் மோசம். சர்க்கஸ் கம்பெனி மூடிவிட, பாகன் தன் யானையைக் கூட்டிக்கொண்டு ஊரை நோக்கி நடப்பான். கடைசியில் வழியில் களைத்துப்போய் வெட்டவெளியில் தூங்கிவிடுவான். வெயில் நகர நகர, யானையும் நகர்ந்து நகர்ந்து அவன்மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டிருக்கும். அதோடு கதை முடிந்தது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சகலை கேட்டதற்கு வியர்வை என்றார்.

பூனைக் கதை ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி வீட்டில் கிடைத்தது. அவருடையது கண்ணாடி அலமாரி. புத்தகங்கள் வாங்கிய நாளிலிருந்து வெளிக்காற்றைப் பார்த்ததில்லை. அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் மனிதர் ஒரு நிமிஷம் அந்தப் புத்தகத்தையே பார்த்தார். "நான் ஆசையா வாங்கினது. எடுக்கவே இல்ல. நீங்களே வெச்சுக்கோங்க, ஆனா படிச்சிட்டு எனக்குக் கதை சொல்லணும்" என்றார். அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அண்ணன் சொன்னார். பூனை கோட்டின் மேலேயே குட்டி போட்டுவிடும், குட்டிகளை எப்படிப் பாகம் பிரிப்பது என்று தெரியாமல் அண்ணனும் தம்பியும் கோட்டை அழித்துவிடுவார்கள். அதிகாரி வெகுநேரம் சிரித்துவிட்டு, தன் தம்பிக்குப் போன் செய்யப் போனார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவருக்குக் கதை சொல்லிய ஏசி அண்ணன் அன்றைக்குப் படியில் இறங்கவில்லை, மிதந்தார்.

மிச்சமிருந்தது மணிக்கூண்டு. அதுதான் அகப்படவே இல்லை. வக்கீலம்மா தன் சிநேகிதிகளையெல்லாம் விசாரித்தார். நூலகத்தில் இருக்கும் அம்மா உள்ளறைவரை போய்த் தேடினார். அண்ணன் எத்தனை வீட்டில் ஏசி கழுவினாரோ அத்தனை வீட்டிலும் கேட்டார். கேட்ட இடத்திலெல்லாம், மணிக்கூண்டு இல்லை, ஆனால் இது நன்றாக இருக்கும் என்று ஆளுக்கொன்றாகப் புத்தகத்தைக் கையில் திணித்தார்கள். இத்தனை வருஷம் ஏசியை மட்டும் காட்டிய வீடுகள் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கதை பேசின. இந்த ஊரில் இவ்வளவு பேர் தனக்கு வேண்டியவர்கள் என்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. மனம் நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் மணிக்கூண்டுக்காரன் மேலேயே இருந்தான்.

"அந்த ஆளு மேலயே இருக்கட்டும் விடுங்க, சகலை. நாம கீழ இறங்கிச் சாப்பிடுவோம்" என்றார் சகலை.

அப்படி விட முடியவில்லை. இறங்கினானா, விழுந்தானா? வெளிச்சுவரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தொங்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

முதல் மழை ஒரு புதன்கிழமை பெய்தது. காலையில் வரிசையாகப் போன் வந்தது, எல்லாம் இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்வதற்கு. அண்ணன் மதியமே வீடு திரும்பினார். அக்காவுக்கு அன்று வார விடுமுறை. கொடியிலிருந்து அள்ளிவந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துத் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா அட்டைகளைப் பார்த்தார். "இது நான் எப்பவோ படிச்சதாச்சே. யாருக்கு?"

"நான் படிச்சிட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. துவைத்த சட்டை ஒன்று கையிலேயே நின்றது. "இதுல, யானை எங்க போய்ச் சேருது, சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னார். நிழல் நகர்ந்த இடத்தைச் சொன்னபோது, "எனக்கே மறந்துபோச்சுங்க" என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலைச் சொன்னார், பூனையைச் சொன்னார், மாடிப்படி ஏறிய யானையையும் மறைக்காமல் சொன்னார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒண்ணு மட்டும் கிடைக்கலை. மணிக்கூண்டு. ஊரெல்லாம் தேடிட்டேன். சவால்ல தோத்துட்டேன்னு வெச்சுக்கோ. ஆனா நீ கதை சொல்றதை நிறுத்தினது நான் தூங்கினதாலதான்னு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் இவ்வளவும்."

அக்காவின் முகத்தில் சிரிப்பு போய் வேறெதுவோ வந்தது. "நீங்க தூங்கணும்னுதானே சொன்னேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை.

"உங்ககூட வேலை பார்த்தவரு ரெண்டாவது மாடியிலேருந்து விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? இடுப்பு உடைஞ்சு, வேலையையே விட்டுட்டுப் போனாரே. அதைக் கண்ணால பார்த்ததுலேருந்து உங்களுக்குத் தூக்கமே இல்ல. விடிய விடிய முழிச்சிருந்துட்டு, காலையில போய்ச் சுவத்துல தொங்குவீங்க. நான் எங்க மருந்துக் கடை முதலாளிகிட்ட தூக்க மாத்திரை கேட்டேன். அது மறுநாளும் மந்தமா இருக்கும், உயரத்துல ஏறுறவருக்கு ஆகவே ஆகாதுன்னுட்டாரு. அப்புறம் என்ன செய்வேன்? கதை சொல்லிப் பார்த்தேன். தூங்கினீங்க. எனக்கு அன்னிக்குத்தான் உயிர் வந்துச்சு."

"யாருக்குச் சொல்றேன், சுவத்துக்கான்னு கேட்டியே?"

"சந்தோஷத்துல கேட்டது. நீங்க அசந்து தூங்கறீங்களான்னு பார்க்கக் கேட்டது. அப்புறம் பாப்பா வந்தா, நீங்களும் தானாவே தூங்க ஆரம்பிச்சிட்டீங்க, விட்டுட்டேன்."

 இருபத்தாறு வருஷத்தில் அண்ணன் எத்தனை சுவர் ஏறியிருப்பார். கால் வழுக்காமல், கை நடுங்காமல் ஏறி இறங்கியதெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார். முள் என்று நினைத்துச் சுமந்தது இதைத்தானா என்று நெஞ்சு விம்மியது. இப்படியொருத்தி தனக்கு வாய்த்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல், எதிரில் கிடந்த போர்வையின் ஒரு முனையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினார். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, மணிக்கூண்டு எந்தப் புத்தகம்?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நூலகத்துக்கு வெள்ளையடிக்கறாங்கன்னு ஒரு வாரம் மூடிட்டாங்க. கையில கதை இல்ல. நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்."

போர்வை பாதி மடிப்பில் நின்றது. "அப்ப அவன் இறங்கினானா, இல்லையா?"

"அது எனக்கும் தெரியாது. முடிச்சதே இல்ல." அக்கா போர்வையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்கதான் தினமும் இறங்கி வந்துட்டீங்களே. அப்புறம் எதுக்கு அதை முடிக்கணும்?"

வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. அண்ணன் போர்வையை மடித்து முடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு போய், முதுகு சாய்க்க வழியில்லாத ஒரு முக்காலியைத் தேடி எடுத்துவந்து, மனைவிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு முடி. நான் தூங்க மாட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் அடுத்த துணியை எடுத்து வைத்துக்கொண்டார். "ஒரு ஊர்ல ஒரு மணிக்கூண்டு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.